மூட்டை வழக்கம்போல வரும்

ஆண்டின் சிறந்த கால்பந்துப் பயிற்சியாளராகக் கோச்சைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று ஃபோன் வந்தபோது, அவர் லாண்டரியின் பின்கட்டில் உட்கார்ந்து தலையணை உறைகளை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக்கொண்டிருந்தார். கிளப் அவரை வேலையை விட்டு நிறுத்தி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

ஃபோனை எடுத்தவள் அவர் மனைவி. தெருவுக்கே அவள் லாண்டரியக்கா.

"கால்பந்து சங்கத்துலேர்ந்து பேசுறேம்மா. கோச் இருக்காரா, இல்ல கிரவுண்டுக்குக் கிளம்பிட்டாரா?"

அவளுக்குச் சுருக்கென்றது. ஊருக்கே தெரிந்த விஷயம் சங்கத்துக்குத் தெரியவில்லை.

"இங்கதான் இருக்காரு. இப்பல்லாம் இங்கயேதான் இருக்காரு" என்று சொல்லி, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை அவர் காதில் வைத்தாள். அவர் கையில் உறை இருந்தது. "ம்" என்றார். "அப்படியா" என்றார். "ரொம்ப சந்தோஷம்" என்றார். அடுத்த உறையை எடுத்துத் திருப்பினார்.

"என்னவாம்?"

"போன சீசனுக்குச் சிறந்த கோச் நான்தானாம். விருது குடுக்கறாங்களாம்."

இஸ்திரி மேஜையில் நின்றிருந்த தங்கச்சி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். லாண்டரியக்காவின் கூடப் பிறந்தவள், வாய்க்குப் பூட்டு கிடையாது. "மாமா, வேலை இல்லாதவருக்குச் சிறந்த வேலைக்காரர் பட்டமா? இதை எங்க போய்ச் சொல்றது!"

கோச்சும் சிரித்தார். அதுதான் லாண்டரியக்காவுக்குத் தாங்கவில்லை.

அவரை வேலையை விட்டு நிறுத்திய கதையும் இப்படித்தான். போன சீசனில் அந்தக் கிளப் கடைசி இடத்துக்குப் போய் கீழ்ப் பிரிவுக்கு விழப்போகிறது என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். கோச் இரண்டாவது இடத்துக்குக் கொண்டுவந்தார். லீவு விட்டதும் கிளப் தலைவர், கோல் போடுகிறவனையும் பின்னால் நின்று காக்கிறவனையும் வேறு அணிகளுக்கு விற்றுவிட்டார். புது சீசன் தொடங்கியதும் வரிசையாகத் தோல்வி. ஒரு நாள் கோச் முடிவெட்டிக்கொண்டிருந்தபோது தலைவரிடமிருந்து ஃபோன் வந்தது. கேட்டுக்கொண்டார், முடிவெட்டி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார், வீட்டுக்கு வந்து சாப்பிட்டார், கை கழுவும்போது, "நாளைக்குக் கிரவுண்டு இல்லை" என்றார்.

"ஏன், மழையா?"

"கிரவுண்டு இருக்கு. எனக்கு இல்லை."

அன்றைக்கு அவள் கத்தினாள், அழுதாள், தலைவர் வீட்டுக்கே போகிறேன் என்று செருப்பை மாட்டினாள். இவர் துண்டை மடித்துக் கொடியில் போட்டுவிட்டு, "விடும்மா. பந்து நமக்கு வரலேன்னா ஆளை மாத்தத்தான் செய்வாங்க" என்றார். அந்த நாளிலிருந்து அவள் காத்திருந்தாள். ஒரு தடவையாவது இந்த மனுஷன் குரலை உயர்த்துவார், ஒரு தட்டையாவது தூக்கி எறிவார், குறைந்தபட்சம் தலைவரை நாலு வார்த்தை திட்டுவார் என்று. ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் லாண்டரிக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். ஜெர்சிகளைக் கொடியில் காயப்போடச் சொன்னால் கிரவுண்டில் ஆட்கள் நிற்கிற மாதிரியே பின்னால் நாலு, நடுவில் நாலு, முன்னால் இரண்டு என்று எண்ணைப் பார்த்துப் பார்த்துப் போட்டார். கோல்கீப்பர் ஜெர்சிக்கு மட்டும் தனிக் கொடி.

ஆமாம், ஜெர்சிகள் இன்னும் அங்கேதான் வந்தன. கிளப்பின் மூட்டை அவளுக்கு வந்ததற்கும் கோச்சுக்கும் சம்பந்தமில்லை. கல்யாணத்துக்கு முன்பே, லாண்டரியை அவள் தனியாக நடத்திய காலத்திலேயே, சேறும் புல்கறையும் நன்றாகப் போகிறது என்று கிளப்பே தேடி வந்து கொடுத்த வேலை. அப்போது ஆட்டக்காரராக இருந்த இவர், ஜெர்சி சுருங்கிவிட்டது என்று சண்டை போட வந்து, சுருங்கியது ஜெர்சி இல்லை, பெருத்தது வயிறு என்று அவளிடம் வாங்கிக்கட்டிக்கொண்டு போன ஆள். அப்புறம் காரணமே இல்லாமல் வர ஆரம்பித்தார். லாண்டரிக்கு இரண்டே பெரிய வேலைகள். ஒன்று பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த தங்கும் விடுதியின் படுக்கை விரிப்புகள், மற்றது கிளப் மூட்டை. மூட்டை நின்றால் பாதி அடுப்பு அணைந்தமாதிரிதான்.

வாரக்கணக்காக விடாத மழை. உள்ளேயே கொடி கட்டி, விசிறி வைத்து, அப்படியும் துணிகளில் ஈர வாடை போகவில்லை. அப்படி ஒரு பகலில்தான் கிளப் தலைவர் வந்தார். குடையை மடக்காமல் உள்ளே கொண்டுவந்து, இஸ்திரி போட்டு அடுக்கிய விரிப்புகளுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். தண்ணீர் அடுக்கின்மேல் வடிந்தது. தங்கச்சி குடையை எடுத்து வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

"எங்க நம்ம கோச்?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார் தலைவர். "பெருமையா இருக்குய்யா. நம்ம கிளப்புக்கு இந்த விருது இதுக்கு முன்னாடி வந்ததே இல்லை."

"கிளப்புக்கு வரலீங்களே, இவருக்குத்தானே வந்திருக்கு" என்றாள் லாண்டரியக்கா.

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. குடும்பம்னு ஆனப்புறம் உனக்கு எனக்குன்னு பிரிக்க முடியுமா?"

"குடும்பத்துல யாரும் யாரையும் ஃபோன்ல வெளிய அனுப்ப மாட்டாங்க."

தலைவருக்குக் கோபம் வரவில்லை. வருத்தப்பட்டவர்போலத் தலையை ஆட்டினார். நிஜமாகவே வருத்தப்பட்டிருக்கவும் கூடும். "உனக்குக் கோவம் இருக்கும்மா, இல்லேன்னு சொல்லல. ஆனா என் கஷ்டம் எனக்கு. தோத்துக்கிட்டே இருந்தா வர்ற கூட்டம் என்னைத்தான் திட்டுது. எனக்கும் வேற வழி தெரியல." பிறகு கோச்சின் பக்கம் திரும்பினார். "விழாவுக்கு நம்ம கிளப் மேஜையிலதான் உட்காரணும். நம்ம டையைக் கட்டிக்க. மேடையில பேசச் சொல்வாங்க. ரெண்டு பேரும் பேசித்தான் பிரிஞ்சோம், மனஸ்தாபம் ஒண்ணும் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. உனக்கும் நல்லது. சண்டை போட்டுட்டு வந்த ஆள்னா எந்தக் கிளப்ல கூப்பிடுவான்?"

கோச் தலையணை உறையின் மூலையைப் பிடித்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். "அந்த இடது பக்கம் ஆடுற பையன் முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"யாரு? ம், ஓடுறான், ஓடுறான்." தலைவர் எழுந்தார். அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். கொதிகலன், கொடிகள், மூலையில் கிளப் மூட்டை. "மழையில காயவைக்கிறது கஷ்டம்தான் இல்ல? புதுசா லாண்டரி போட்டவன் ஒருத்தன் வந்து கேட்டுக்கிட்டே இருக்கான், காயவைக்கிற மிஷின் வெச்சிருக்கானாம். நான்தான் பழசை விடக் கூடாதுன்னு சொல்லிட்டிருக்கேன்."

அவர் போனதும் தங்கச்சி, "கேட்டியாக்கா? மிரட்டிட்டுப் போறாரு, அதுவும் எவ்வளவு அன்பா" என்றாள்.

லாண்டரியக்கா அவளைப் பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தாள். "முட்டியா கேட்டீங்க? உங்க கழுத்துல கத்தி வெச்சுப் பேசுறாரு, நீங்க எவன் முட்டியோ எப்படி இருக்குன்னு கேட்குறீங்க?"

"போன மாசம் வீங்கியிருந்துச்சு. அவனை ஓடவிடக் கூடாது. இவங்க ஓடவிடுறாங்க போல."

விழாவுக்கு முந்தின வாரம் முழுக்க அந்த லாண்டரியில் இதே பேச்சுதான். சாயங்காலம் கடை சாத்துவதற்கு முன் மூன்று பேரும் துணி மடிக்கும்போது ஆரம்பிக்கும்.

"நீங்க யாரையும் திட்ட வேண்டாம்" என்பாள் லாண்டரியக்கா. "உள்ளதைச் சொல்லுங்க போதும். 'இந்த விருதை எனக்குக் குடுக்கறீங்க, என்னை இந்த சீசன்ல நிறுத்திட்டாங்க.' அவ்வளவுதான். சொல்லிட்டு இறங்கி வந்துடுங்க."

"அக்கா, சொல்லிட்டு வந்தா மறுநாள் மூட்டை வராது" என்பாள் தங்கச்சி. "அப்புறம் வெறும் விரிப்பைத் துவைச்சு யாரு வயித்தை ரொப்புறது?"

"வராட்டி போகட்டும்."

"இப்ப சொல்லுவே. மாமா, நீங்க சொல்லுங்க. என்ன பேசப்போறீங்க?"

"பார்க்கலாம்."

"என்னத்தைப் பார்க்கலாம்?" லாண்டரியக்காவுக்கு எரியும். "இருபது ஆட்டக்காரனைக் கட்டி மேய்ச்ச ஆளு. பாதி ஆட்டத்துல அவங்களை நிக்க வெச்சு என்ன வாங்கு வாங்குவீங்கன்னு ஐஸ்பெட்டி வந்து கதை கதையாச் சொல்லுவான். அந்தச் சத்தமெல்லாம் எங்க போச்சு?"

"அது ஆட்டத்துக்கும்மா. ஆட்டத்துல கத்தினா ஏதாவது மாறும்."

ஐஸ்பெட்டி என்பது கிளப்பின் சாமான்காரன். அடிபட்டு விழுகிற ஆட்டக்காரனிடம் ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடுகிறவன் அவன். தலைவருக்கு ஐஸ் வைப்பதிலும் அவனே முதல் என்பதால் பெயர் இரண்டு விதத்திலும் பொருந்தியது. அழுக்கு மூட்டையைக் கொண்டுவருவதும் துவைத்ததை எடுத்துப்போவதும் அவன்தான். கோச் இருந்த இடத்தில் இப்போது அவருடைய துணைக் கோச்சாக இருந்தவனையே போட்டிருந்தார்கள். பேச்சைவிட விசிலையே அதிகம் ஊதுகிறவன், அதனால் விசில் என்றே பெயர். விசில் ஒரு நாளும் லாண்டரிப் பக்கம் வரவில்லை. ஐஸ்பெட்டி வரும்போதெல்லாம், "விசிலு உங்களைக் கேட்டான் கோச்" என்பான். அது பொய் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

விழா ஒரு மதியம், பெரிய மண்டபத்தில். லாண்டரியக்கா கணவரின் சட்டைக்கு அவளே கஞ்சி போட்டு இஸ்திரி போட்டாள். கிளப் டையைத் தேடி எடுத்து அலமாரியின் அடியில் திணித்துவிட்டாள். ஆனால் உள்ளே நுழையும்போதே ஐஸ்பெட்டி புது டையோடு காத்திருந்தான். கோச் கழுத்தை நீட்டினார். கட்டிவிட்டான்.

மேடையின் பின்னால் போன சீசன் ஆட்டங்களின் படங்களை ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தார்கள். விருதுகள் ஒவ்வொன்றாக வந்தன. சிறுவர் அணிக்குச் சிறந்த பயிற்சியாளர், பெண்கள் அணிக்குச் சிறந்த பயிற்சியாளர், கோல்கீப்பர்களுக்குச் சிறந்த பயிற்சியாளர். ஒவ்வொருவரும் ஏறி, நன்றி சொல்லி, அம்மாவுக்கும் கிளப்புக்கும் கும்பிடு போட்டு இறங்கினார்கள். பெண்கள் அணியின் கோச்சம்மா மட்டும், தன் அணிக்குக் கிரவுண்டு கிடைக்காமல் பள்ளிக்கூடத்து வாகன நிறுத்தத்தில் பயிற்சி நடத்துவதாகச் சொன்னாள். சிலர் கை தட்டினார்கள். லாண்டரியக்கா எழுந்து நின்று தட்டினாள். கணவரின் முழங்கையை இடித்து, "பார்த்தீங்களா? ஒண்ணும் ஆகல, இடி விழல" என்று கிசுகிசுத்தாள். அவர் தலையாட்டினார். அன்றைக்கு முதல்தடவையாக அவளுக்கு நம்பிக்கை வந்தது.

கடைசியாக அவரைக் கூப்பிட்டார்கள். விருது கண்ணாடியில் செய்திருந்தது, நல்ல கனம். அதை வாங்கிக்கொண்டு மைக் முன்னால் நின்றவர், திரும்பிப் பின்னால் இருந்த படங்களைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். லாண்டரியக்காவின் கை நாற்காலி விளிம்பை இறுக்கியது. மேஜையின் எதிர்ப்பக்கம் தலைவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"போன சீசன்ல துறைமுக அணியோட ஆடினப்போ," என்று ஆரம்பித்தார் கோச், "பாதி ஆட்டத்துல எங்க கேப்டனை வெளிய உட்கார வெச்சேன். இங்க இருக்கிற பாதிப் பேர் என்னைத் திட்டினீங்க. பேப்பர்லயும் திட்டினாங்க. ஏன் உட்கார வெச்சேன்னு யாருமே கேட்கல. அதைச் சொல்லிடறேன்."

மேடை மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து ஓரமாக வைத்தார். "இது அவங்க வலது பக்க ஆளு." பூச்சாடியை நகர்த்தினார். "இது நம்ம கேப்டன். அவனுக்குத் தொடை பிடிச்சிருந்துச்சு, சொல்லல. ஆனா திரும்பும்போது அரை அடி லேட்டாத் திரும்புறான். அந்த அரை அடியில இவன் உள்ள வர்றான். அப்ப யாரு போய் மறிக்கணும்?" கையிலிருந்த விருதைப் பார்த்தார், அதையும் மேஜையில் வைத்தார். "இவன், நம்ம நடு ஆளு. இவன் மறிக்கப் போனா நடுவுல ஓட்டை."

சபையில் ஒரு சிரிப்பு எழுந்தது. அவருக்குக் கேட்கவில்லை. சங்கத்துச் செயலாளரின் மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துக் கோல்கம்பமாக வைத்தார். மூன்றாவது கோல் எப்படி வந்தது, யார் யாரிடம் தள்ளினான், அதற்கு முன் வாரம் முழுக்க மழையில் அதை எத்தனை விதமாகப் பழக்கினோம் என்று போய்க்கொண்டே இருந்தது. சிரிப்பு நின்றது. ஃபோன்கள் வெளியே வந்தன. தொகுப்பாளினி ஒருமுறை இருமினாள், பிறகு பக்கத்தில் வந்து நின்றாள், பிறகு மெல்ல மைக்கைத் தன் பக்கம் திருப்பி, "அருமை, அருமை! ஆட்டத்தை நேர்ல பார்த்த மாதிரியே இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு எல்லோரையும் கை தட்ட வைத்தாள். கோச் வாயைத் திறந்தபடி இரண்டு நொடி நின்றார். விருதை மறந்துவிட்டு இறங்கி, மறுபடி ஏறி எடுத்துக்கொண்டு வந்தார்.

அவ்வளவுதான். நன்றியும் இல்லை, குற்றமும் இல்லை. லாண்டரியக்காவுக்கு எழுந்து போய் அந்தப் பூச்சாடியை எடுத்துத் தரையில் அடிக்கலாம்போல இருந்தது.

அப்புறம் டீயும் பிஸ்கட்டும். வேறு வேறு கிளப்காரர்கள் வந்து கோச்சின் கையைக் குலுக்கினார்கள், தோளில் தட்டினார்கள். வேலை என்ற வார்த்தையை மட்டும் ஒருத்தரும் எடுக்கவில்லை. அவர் வேலையில்லாமல் இருப்பது ஒட்டிக்கொள்கிற சங்கதி என்பதுபோலக் கையைக் குலுக்கிய வேகத்திலேயே நகர்ந்தார்கள். ஒரே ஒருத்தர் மட்டும் அட்டையை நீட்டி, தன் கம்பெனி விற்பனை ஆட்களுக்கு முன்னால் 'ஜெயிப்பது எப்படி' என்று கால் மணி நேரம் பேச முடியுமா என்று கேட்டார். "பந்து இருக்குமா?" என்றார் கோச். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

புகைப்படக்காரன் கூப்பிட்டபோது தலைவர் கோச்சின் தோளில் கை போட்டு நின்றார். படம் எடுத்து முடிந்ததும் லாண்டரியக்காவிடம் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பக்குவமாப் பேசினாரும்மா. ஒரு கெட்ட வார்த்தை இல்லை. நீ ஒண்ணும் கவலைப்படாதே, மூட்டை வழக்கம்போல வரும்."

அவளுக்குப் பத்து பதில் ஒன்றாக வந்தன. யோசித்து ஒன்றைப் பிடிப்பதற்குள் அவர் வேறு ஒருவரோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் இருவரும் பின் இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஜன்னல் சரியாக மூடவில்லை, சாரல் அடித்தது. விருது அவர் மடியில் பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது.

"என்ன சொன்னாரு தெரியுமா? மூட்டை வழக்கம்போல வருமாம்."

"நல்லதுதானே."

"நல்லதா? என் கையால, என் முதுகு ஒடிய நான் சம்பாதிச்ச வேலைங்க அது. உங்களைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே எனக்கு இருந்த வேலை. இன்னைக்கு நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்ததுக்குக் கூலியா அதைக் குடுத்துட்டுப் போறாரு. நான் அதை வாங்கிக்கிட்ட மாதிரி ஆயிப்போச்சு."

"நான் வாயை மூடலையே. பேசினேனே."

"பூச்சாடியோட பேசினீங்க!" முன்னிருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் குரலை இறக்கினாள். "ஒரே ஒரு வரி. 'என்னை நிறுத்திட்டாங்க.' வாரம் பூரா சொல்லிக்குடுத்தேனே."

"மேடையில ஏறும்போதுகூட ஞாபகம் இருந்துச்சு. சொல்லிடலாம்னுதான் நினைச்சேன். பின்னாடி அந்தப் படத்தைப் பார்த்தேன். கேப்டன் குனிஞ்சு தொடையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். அந்த மேட்ச்தான். அதைப் பார்த்ததும்..."

"அதைப் பார்த்ததும் பொண்டாட்டி, வீடு, மானம், மரியாதை எல்லாம் மறந்துபோச்சு."

அவர் மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டார். "நான் அதைச் சொல்லியிருந்தா நாளைக்குப் பேப்பர்ல அது மட்டும்தான் வரும். கோச்சுக்கும் தலைவருக்கும் சண்டைன்னு. அந்தப் பசங்க எப்படி ஆடினாங்கன்னு ஒரு வரி வராது."

"இப்ப மட்டும் வந்துடுமா?"

"வராதுதான்" என்று ஒப்புக்கொண்டார்.

சண்டையில்கூட இந்த மனுஷன் எதிர்ப்பக்கம் நிற்க மாட்டார். தள்ளினால் விழாமல் நகர்ந்து கொடுப்பார். மிச்ச வழி முழுக்க அவள் ஜன்னலையே மூடப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலையில் மூட்டை வழக்கம்போல வந்தது. ஐஸ்பெட்டி தள்ளுவண்டியிலிருந்து இறக்கி, "என்னா பேச்சு கோச்சோட பேச்சு! எனக்குக் கண்ணு கலங்கிடுச்சுக்கா" என்றான்.

"திருப்பி எடுத்துட்டுப் போ" என்றாள் லாண்டரியக்கா.

"எதை?"

"மூட்டையை. இனிமே உங்க கிளப் துணி இங்க வேண்டாம். காயவைக்கிற மிஷின் வெச்சிருக்கிறவன் கிட்ட குடுங்க."

"அக்கா, நாளைக்கு மேட்ச்சுக்கா. இவனுங்க என்னத்தைப் போட்டுக்கிட்டு ஆடுவானுங்க? என் வேலை போயிடும்."

"எல்லாருக்கும் போற வேலைதானே. இவருக்குப் போகல?"

தங்கச்சி இஸ்திரியை விட்டுவிட்டு வந்து அக்காவின் கையைப் பிடித்தாள். "யோசிச்சுத்தான் பேசுறியா?"

"ராத்திரி பூரா அதைத்தான் யோசிச்சேன். விடுதிக்காரன் திரைச்சீலையும் துவைக்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்கான். நாலு வீடு ஏறி இறங்கினா வேற வேலையும் கிடைக்கும். கிடைக்காட்டி அப்ப பார்த்துக்கலாம். இந்தச் சேத்தை நான் தொட மாட்டேன்."

ஐஸ்பெட்டி மூட்டையைத் திரும்ப ஏற்றவில்லை. ஏற்றிக்கொண்டு போனால் தலைவருக்குத் தான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று பயந்து, வாசலிலேயே போட்டுவிட்டுத் தள்ளுவண்டியோடு நழுவிவிட்டான். மழை மூட்டையின் மேல் பெய்தது. கோச் கதவருகே நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டாரானால் அன்றைக்கு வீட்டில் என்ன நடக்கும் என்று தனக்கே தெரியாது என்பதுபோல லாண்டரியக்கா அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டார். வெளியே போய், குனிந்து மூட்டையைத் தோளில் ஏற்றினார்.

"உள்ள கொண்டுவந்தீங்கன்னா—"

"உள்ள கொண்டுவரலம்மா. நீ வேண்டாம்னுட்டே. கிளப்ல கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றேன்."

ஈரத்தில் மூட்டை கனத்திருந்தது. தெருமுனை வரைக்கும் அவர் ஒரு பக்கம் சாய்ந்தபடி நடந்து போனதை அவள் பார்த்தாள். நல்லது செய்தோமா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் முதல்தடவையாக அவர் ஒரு காரியத்தை அவள் பக்கம் நின்று செய்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

போனவர் சீக்கிரம் வரவில்லை. மதியச் சாப்பாடு ஆறிப்போயிற்று. விரிப்புகள் இரண்டாம் ஈடும் துவைத்துப் பிழிந்தாகிவிட்டது. தங்கச்சி குடையை எடுத்துக்கொண்டு பார்த்துவிட்டு வரட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். கழுத்துவரை சேறு. சட்டை தோளில் கிழிந்திருந்தது. ஒரு செருப்பைக் காணோம்.

"விழுந்துட்டீங்களா?" லாண்டரியக்கா ஓடினாள்.

"கேட்டுல விடல" என்றார்.

"யாரு?"

"காவல்காரர்தான். 'மூட்டையை இங்க வெச்சிட்டுப் போங்க கோச், உங்களை உள்ள விட வேண்டாம்னு சொல்லியிருக்காங்க'ன்னாரு. வெச்சிட்டேன். வந்துடலாம்னுதான் திரும்பினேன்." மூச்சு வாங்கியது. "கம்பி வழியாப் பார்த்தா உள்ள பயிற்சி நடக்குது. அந்த இடது பக்கப் பையனை ஓடவிடுறாங்க. முட்டி இந்தத் தண்டி வீங்கியிருக்கு, கம்பிக்கு வெளியேர்ந்தே தெரியுது. கூப்பிட்டேன், கேட்கல. பின்னாடி வேலி பிஞ்ச இடம் ஒண்ணு இருக்கு, அது வழியா உள்ள போனேன்."

"ஐயோ மாமா" என்றாள் தங்கச்சி.

"பையன் கிட்ட போய் உட்காருடான்னேன். உட்கார்ந்தான். அப்ப இவன் வர்றான், விசிலு. என் கையைப் பிடிச்சு ஓடக் கத்துக்கிட்டவன். எல்லாப் பசங்களும் பார்த்துக்கிட்டு நிக்கிறானுங்க. 'அண்ணே, வெளிய போயிடுங்க, எனக்குப் பிரச்சினை ஆயிடும்'னு சொல்றான். நான் முட்டியைப் பாருடாங்கறேன். அவன்..." கோச் நிறுத்தினார். "அவன் விசிலை ஊதுறான். என்னைப் பார்த்து. மாடு உள்ள வந்துட்டா ஊதுவாங்க இல்ல, அப்படி. காவல்காரர் ஓடி வந்து தோளைப் பிடிச்சாரு. வழுக்கி விழுந்தேன். யாரும்... ஒருத்தனும்..."

அவர் முகம் மாறியது. எதிரில் இருந்த காலி வாளியை ஓங்கி உதைத்தார். வாளி கதவைத் தாண்டித் தெருவுக்குப் போய், எதிர்ச்சுவரில் மோதி உருண்டது. பிறகு கத்த ஆரம்பித்தார். தலைவரை, விசிலை, சங்கத்தை, விற்றுப்போன ஆட்டக்காரர்களை, முடிவெட்டிய நாளை. அவள் இதுவரை அவர் வாயில் கேட்டிராத வார்த்தைகள். இத்தனை நாள் எங்கே அடைத்து வைத்திருந்தாரோ! இஸ்திரி மேஜையைக் குத்தினார். அடுக்கிய உறைகள் சரிந்து ஈரத் தரையில் விழுந்தன. தங்கச்சி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

லாண்டரியக்கா இத்தனை நாளாகக் காத்திருந்தது இதற்குத்தான். வந்தபோது அவள் சுற்றிப் பார்த்தாள். தலைவர் இங்கே இல்லை, விசில் இங்கே இல்லை, மண்டபத்தில் கை தட்டியவர்களில் ஒருத்தரும் இல்லை. மூன்று பேரும் துணியும்தான் இருந்தார்கள். இப்படி இங்கே கத்தி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது.

கத்தி ஓய்ந்து அவர் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. "அந்த உறையெல்லாம் மறுபடி துவைக்கணும்" என்றார், குரல் போய்.

"துவைக்கலாம். போய்க் கையைக் கழுவிட்டு வாங்க."

கழுவிக்கொண்டு வந்தார். சட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். எந்தச் சேற்றைத் தொட மாட்டேன் என்றாளோ அதே சேறு. அவள் அதைத் தொட்டியில் முக்கினாள். பிறகு பிழிந்து வைத்த விடுதி விரிப்புகளிலிருந்து ஒன்றை எடுத்து உதறி, ஒரு முனையை அவர் கையில் கொடுத்தாள். சுருக்கம் போக, காயப்போடுவதற்கு முன் இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று இழுக்க வேண்டும்.

அவர் வெடுக்கென்று இழுத்தார். அவள் தடுமாறி இரண்டடி முன்னால் வந்துவிட்டாள். அவர் பயந்து கையைத் தளர்த்தினார்.

"தளர்த்தாதீங்க." அவள் பின்னால் போய்க் காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள், துணியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். "இன்னும் ஒரு அடுக்கு முழுசா இருக்கு. இழுங்க, நான் பிடிச்சுக்கறேன்."